மாவேலியின் வயிறு

எங்கள் கடையில் ராவணன் வாடகைக்குக் கிடைப்பான். கிருஷ்ணன், காளி, இயேசுநாதர், பாரத மாதா எல்லோரும் கிடைப்பார்கள். ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை வாடகைக்கு விடும் கடை அது. எந்தக் கிரீடம் எந்தத் தலையில் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்பதெல்லாம் அப்பாவின் மண்டைக்குள் இருந்தது. அந்த மண்டை ஆண்டு முழுவதும் நன்றாகவே ஓடும். ஓணம் வந்தால் மட்டும் தடுமாறும்.

ஓணத்துக்கு இந்த ஊரில் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் ஒரு மாவேலி வேண்டும். மகாபலிச் சக்கரவர்த்தியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். கிரீடம், ஓலைக்குடை, முறுக்கு மீசை, பஞ்சு அடைத்த பெருவயிறு. ஒரு வருடம் தம்பானூர் லாட்ஜுக்குப் போன மாவேலி மீசையில்லாமல் போனார். அடுத்த வருடம் அப்பா ஒரே மாவேலியை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இரு தரப்பும் கடை வாசலில் பிடித்து இழுத்ததில் ஓலைக்குடை கிழிந்தது.

அம்மா திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபின் அந்தப் படிப்புக்கு என் வீட்டுப்பாடத்தைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை. குடை கிழிந்த அன்று, “நான் ஒரு டேட்டாபேஸ் பண்ணித் தாரேன்” என்றாள். அப்பா சிரித்தார். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் நானும் போவோம். நான் பரணில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். அம்மா அதில் எண் ஒட்டி, லேப்டாப்பில் ஏற்றுவாள். அதைவிடப் பெரிய சொர்க்கம் எனக்கு இருந்ததில்லை. அனுமார் வாலைக் கட்டிக்கொண்டுதான் ஏணியில் ஏறுவேன். காளியின் நாக்கை மாட்டிக்கொண்டு சாமான்களின் பெயரைச் சொல்வேன். ஒன்றும் புரியாமல் அம்மா திட்டுவாள்.

சண்டையும் பெயர்களால்தான் வந்தது. அப்பா ‘ஒத்தக்கல்லு’ என்று சொல்லும் கிரீடத்தை, கடையில் வேலை பார்த்த மார்த்தாண்டத்து அண்ணன் ‘பழைய ராவணன்’ என்பார். அம்மாவுக்கு அது ஓர் எண், அவ்வளவுதான். மாவேலியையும் அவள் விடவில்லை. கிரீடம் தனி, குடை தனி, மீசை தனி, வயிறு தனி என்று பிரித்துவிட்டாள்.

“மாவேலின்னா ஒரு மாவேலி. கறிக்கடை மாதிரி என்னத்துக்கு வெட்டிப் போடுதே?” என்று கேட்டார் அப்பா.

“வெட்டிப் போட்டாத்தான் மீசை எங்கே கெடக்குன்னு தெரியும்.”

மறு வருடம் ஓண வாரம் தொடங்கும்போது அப்பாவுக்குத் தொண்டை கட்டி, குரல் அடியோடு போய்விட்டது. பேசக் கூடாது என்றார் டாக்டர். எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. அப்பா கிரீடம் வேண்டுமென்று தலைமேல் வட்டம் போட்டுக் காட்டினார். அண்ணன் இயேசுநாதரின் ஒளிவட்டத்தை எடுத்து வந்தார். வாசலில் கூட்டம் ஏறியது. அம்மா அப்பாவை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டு, லேப்டாப்போடு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்ந்து நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மாவின் மலையாளம் நொண்டும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. “ஒரு மினிட்டு நில்லுங்க கேட்டோ, இப்ப நோக்கித் தாரேன்” என்பாள். எண்ணைச் சொல்வாள், அலமாரித் தட்டைச் சொல்வாள், அண்ணன் கை வைத்தால் சாமான் அங்கே இருக்கும். மாவேலிகள் மீசையோடும் குடையோடும் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் டாட்டா காட்டினேன்.

அன்றைய கடைசி மாவேலி ஒரு பேங்க்காரருக்கு. ஒல்லியான மனிதர். எல்லாம் வந்தது, வயிறு மட்டும் வரவில்லை. கடையில்தான் இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். தட்டு காலி.

“சேச்சி, வயிறில்லாம போனா என்னை வாமனன்னு ஆளுங்க நினைக்கும்” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம், “ஓடிப்போய் அப்பாட்ட கேட்டுட்டு வா” என்றாள்.

வீடு பின்சந்தில்தான். அப்பா கூடத்துச் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மாவேலியின் வயிறு. முதுகுவலிக்கு இதமாக இருக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறார். நான் பிடித்து இழுத்தேன்.

“மெல்ல மக்ளே, தையல் விட்டுரும்!” என்றார் அப்பா. கணீரென்று சொன்னார்.

எனக்குத் தையல்தான் கவலை. அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள், மாவேலிகள் எப்படிப் போனார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டையை மாட்டி, வயிற்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்தார். மாவேலியே வருகிறார் என்று மிளகாய்க் கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

கடையில் அவர் உள்ளே போகவில்லை. ஆட்களோடு ஆளாக வரிசையில் நின்று, முறை வந்ததும் வயிற்றை மேசைமேல் வைத்தார். அம்மா நிமிரவில்லை.

“ரிட்டர்னா? பேரு சொல்லுங்க.”

அப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பேங்க்காரர் வயிற்றைக் கட்டிக்கொண்டு தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கடை முழுவதும் கைதட்டியது.

அந்த ஓணம் முடியும்வரை அப்பா வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா சொன்ன எண்ணையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். யாராவது அவரிடம் விலை கேட்டால் அம்மாவைக் கை காட்டினார். இரவில் அவள் மிளகுப்பால் கொண்டுவந்து, “இன்னும் சரியாகலியா?” என்று கேட்டால், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவார். ஓணம் கழிந்து குரல் வந்தது. நாற்காலி அம்மாவிடமே இருந்துவிட்டது.

நானோ, அந்தக் கணீர்க் குரலைக் காதால் கேட்டவள், அப்பாவுக்குச் சீக்கிரம் பேச்சு வரவேண்டும் என்று தினமும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருந்தேன்.