பாதியில் எடுக்கக் கூடாத பேட்டரி

சார்ஜரிலிருந்து எடுத்ததும் பேட்டரி கைக்குள் கதகதப்பாக இருக்கும், அப்போதுதான் அவித்த முட்டையைப் பிடித்ததுபோல... கூடவே சூடேறிய பிளாஸ்டிக்கின் லேசான வாடை. கூலாய் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலைக்கே அந்த வாடை ஒட்டிப்போயிருந்தது.

அது என் முதல் டிஜிட்டல் கேமரா. ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சிறு தாள் ஒட்டி, சார்ஜ் போட்ட தேதியை எழுதி வைப்பேன். முனைகளைப் பழைய பனியன் துணியால் துடைப்பேன். இதையெல்லாம் இங்கே எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் மணியம். கேமரா விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சுத்தமா தீராம சார்ஜ் போட்டீங்கன்னா, பேட்டரி அதையே பழகிக்கும் சார். அப்புறம் பாதிதான் ஏறும்."

தீர்ப்பதற்கு வழியும் அவரே சொன்னார். டார்ச்லைட்டில் போட்டு, வெளிச்சம் அணையும்வரை விட்டுவிட வேண்டுமாம். நானும் அப்படியே செய்தேன். பட்டப்பகலில் மேசைமேல் ஒரு டார்ச் எரிந்துகொண்டிருக்கும்.

"வெயில் பத்தலையா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே தட்டு வைப்பாள் என் மனைவி லெட்சுமி.

அவள் ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எனக்கு அந்தத் துணிச்சல் வந்ததே இல்லை. மோட்டார் சைக்கிளோடு நின்றுவிட்டேன். பொந்தியானில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க இனி யாரிடமும் போய்க் கேட்டு நிற்கக் கூடாது என்பது அவள் வைராக்கியம். டெஸ்டில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவது முறை பாஸ்.

லைசன்ஸ் கைக்கு வந்த அன்று, நாங்கள் வாங்கியிருந்த பழைய சின்னக் காரின் கண்ணாடியில், புதிதாக ஓட்டுபவர் என்று காட்டும் பி ஸ்டிக்கரைத் தானே ஒட்டினாள். பிறகு உள்ளே போய் பட்டுப்புடவை கட்டி, பவுடர் போட்டு, சாவியோடு வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு போட்டோ எடுங்க. அக்கா நம்ப மாட்டா."

பேட்டரிகள் டார்ச்சில் இருந்தன.

"இன்னிக்கித் தீர வச்சிருக்கேன்மா. நாளைக்கு எடுக்கலாமே..."

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "லைட்டு நல்லாத்தானே எரியுது? அதக் கழட்டிப் போடுங்க. ஒரே ஒரு படம் லா."

"பாதியில எடுக்கக் கூடாது."

"அப்ப கடையில சாதா பேட்டரி வாங்கிட்டு வாங்க."

"அது இந்த கேமராவுக்கு ஒத்துக்குமான்னு தெரியல..."

"அலமாக்! பேட்டரிக்குப் பாக்குற பக்குவத்துல பாதி எனக்குப் பாத்திருந்தா, நான் இந்நேரம் ப்ளேன் ஓட்டியிருப்பேன்!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். சற்று நேரம் வண்டியில் சாய்ந்தபடி நின்றாள். வேர்த்தது. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மாலை இரண்டு பேட்டரியும் முழுதாக ஏறியிருந்தன. கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"நேத்து மூஞ்சி நேத்தோட போச்சுங்க. வண்டிய மட்டும் எடுத்துக்குங்க."

சொன்னபடியே வண்டியை மட்டும் எடுத்தேன். படம் தெளிவாக வந்தது.

அதன்பின் அவள் கேட்கவில்லை. நானாகக் கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று யோசித்தே நாள் போய்விட்டது... இரண்டு வருடத்தில் சிறுநீரகம் கெட்டு, மூன்றே மாதத்தில் போய்விட்டாள். நான் எடுத்திருந்த மற்ற படங்களில் எல்லாம் கூட்டத்துக்குப் பின்னால், யாருக்காவது பரிமாறிக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அவள் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாளுக்கு வந்த அக்கா கேட்டார்: "வண்டியோட நின்ன படம் ஒண்ணுகூடவா இல்ல தம்பி?"

வண்டியின் படத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எல்லார் கையிலும் போன். நினைத்தவுடன் பத்துப் படம் எடுக்கிறார்கள். நாளைக்கு என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மகள், பாதி இருக்கும்போதே என் போனை சார்ஜில் போட்டாள்.

"இரும்மா, தீரட்டும்."

"அப்பா, எப்ப வேணும்னாலும் போடலாம். தீர விட்டாத்தான் கெட்டுப்போகும்."

"எங்க காலத்துப் பேட்டரி வேற" என்றேன். சொன்ன பிறகு சந்தேகம் வந்தது. வீட்டுச் சாமான்களின் கையேடுகளையெல்லாம் போட்டு வைத்திருக்கும் ஃபைலைத் திறந்து, அந்தக் கேமராவின் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

இந்த வகைப் பேட்டரியை எப்போது வேண்டுமானாலும் சார்ஜ் செய்யலாம், தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே இருந்தது.

அன்றைக்கே படித்திருக்கிறேன். மணியம் வேறு மாதிரிச் சொன்னதும், எனக்குத்தான் சரியாகப் புரியவில்லை என்று விட்டிருப்பேன். அந்த வரிக்குக் கீழே நான் போட்ட கோடு இருக்கிறது. நேராக, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.