ஆறாம் மாடிக்கு யாரும் வரவில்லை

அல்ஜியர்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு போர்வை மடிக்கிறவள் வர்தியா. நகரத்துக்குள்ளே பாப் எல் வாத் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில், துணி துவைக்கக் கட்டிய அறையில் பதினேழு வருஷம் வாடகைக்கு இருந்தாள். வாடகை அவள் சம்பளத்தில் பாதியைத் தாண்டிய வருஷம், அரசாங்கத் தவணை வீட்டுச் சாவி கைக்கு வந்தது. சலவைக்கூடத்தில் எல்லோரும் குலவையிட்டோம்.

வீடு நகரத்துக்கு வெளியே, மலைக்குப் பின்னால். பன்னிரண்டு மாடி, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ரயில் நிலையத்துக்கே நாற்பது நிமிஷ நடை, பஸ் கிடையாது. சாவி வாங்கியவர்கள் பலர் பூட்டிப் போட்டுவிட்டு நகரத்திலேயே நெருக்கியடித்துக் கிடந்தார்கள். தன் படிக்கட்டுப் பக்கத்து வீடுகளில் தான் ஒருத்தி மட்டும்தான் குடிவந்திருப்பதாக வர்தியா நினைத்தாள். விடியுமுன் நாலரைக்குக் கிளம்பி, இரவு எட்டுக்குத் திரும்புவாள்.

இரண்டாம் மாதம் ஒருநாள் மதிய இடைவேளையில் மெதுவாகச் சொன்னாள்:

"ஏன்டி, நான் திறந்து வச்சிட்டு வர்ற படிக்கட்டு ஜன்னலை யாரோ சாத்தி வைக்கிறாங்க."

"காத்தா இருக்கும்."

"காத்து கொக்கியும் போடுமா?"

அடுத்த வாரம் படியெல்லாம் ஈரம். பிறகு, பூட்டிய வீடுகளுக்கு நடுவே மிளகாய் சுட்ட வாசனை. ஒருநாள் பால்கனியிலிருந்து பறந்துபோன அவள் துண்டு, நாலாக மடித்து அவள் கதவுப்பிடியில் தொங்கியது. அதை அவள் மறுபடி தொடவே இல்லை.

வெள்ளி, சனி அவளுக்கு லீவு. இரண்டு நாளும் கதவில் காதை வைத்துக் காத்திருப்பாள். ஒரு சத்தமும் வராது. அவள் இல்லாதபோது மட்டும்தான் அங்கே யாரோ நடமாடினார்கள். அவள் இளைத்தாள். தினமும் படியேறும்போது கையில் சாவியைக் கத்தி மாதிரி பிடித்துக்கொள்வாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரயில்காரர்கள் வேலைநிறுத்தம். விடியற்காலையில் நிலையத்துக்குப் போய் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு, காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குத் திரும்பினாள். ஐந்தாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். மேலே காலடி. இறங்கி வந்தது.

"யாரது!" என்று கத்தினாள்.

"பிஸ்மில்லா!" என்று அங்கேயும் ஒரு அலறல். கையில் வாளியோடு நரைத்த மனிதர் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றார். "நீங்க… எந்த வீடு?"

"ஆறாம் மாடி."

"பொய் சொல்லாதீங்க. நாலு மாசமா தட்டிப் பாக்கிறேன், ஆளே கிடையாது. காலைல காப்பி வாசம் மட்டும் வரும்."

"அப்ப நீங்க? எனக்கு மேல ஏழுல யாருமில்லையே!"

"நான்தான் அக்கா. லக்தர். துறைமுகத்துல ராத்திரிக் காவல். காலைல பத்து மணி வாக்குல வருவேன், மத்தியானம் மூணுக்குக் கிளம்பினாத்தான் வேலைக்குப் போய்ச் சேர முடியும். இன்னிக்குக் காலைல திரும்பி வர ரயில் ஓடாதுன்னு நேத்து ராத்திரி வேலைக்கே லீவு போட்டுட்டேன். வெள்ளி, சனி வண்டி சரியா கிடையாது, அங்கேயே படுத்துக்குவேன். சத்தியமா, உங்க வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஓதிக்கிட்டேதான் போவேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பன்னிரண்டு மாடியும் ஏறிப்போய்த் திரும்பி வந்தது. உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பஸ் கேட்டு இருவரும் மனு கொடுத்தார்கள். "ஜனங்க குடிவரட்டும், பஸ் விடுறோம்" என்றார் அதிகாரி.

"பஸ் வந்தாத்தானே குடிவருவாங்க?" என்றாள் வர்தியா. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

குளிர்காலத்தில் லக்தருக்கு முழங்கால் வீங்கியது. துறைமுகத்தருகே நாலு பேரோடு ஓர் அறையில் கட்டில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டார். சீக்கிரமே வர்தியாவும் தங்கை வீட்டுக் கூடத்தில் படுக்க ஆரம்பித்தாள். தன் வீட்டுக்கு வியாழன் சாயங்காலம் மட்டும்.

போன வாரம் போனபோது, இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் சங்கிலி போட்ட கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாளாம்.

"யாரு நீங்க?"

"ஆறாம் மாடி."

"அங்கதான் யாரும் இல்லைன்னு சொன்னாங்களே?"

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் இரண்டு தடவை விழுந்தது.

"நீ என்னடி பண்ணினே?" என்று கேட்டேன்.

போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டினாள். "செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் வராம ஏறினேன்."