கட்டுச்சோறும் மூடுபனியும்

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் பைக்கில் ஊட்டிக்குப் போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போது நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. அதற்குள் மூடுபனி இறங்கியது. சாலையோரச் சுவரில் வைத்திருந்த புளிச்சோற்று டப்பாவைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனது. என்னை வண்டிக்குக் காவலாக விட்டுவிட்டு அவர் மெக்கானிக்கைத் தேடிப் போனார். கூட்டிவந்தார், ஊட்டி போய்ச் சேர்ந்தோம். நடந்தது அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் இதைக் கதையாக எழுதினேன். காய்ச்சல் விட்டு எழுந்திருந்த நேரம். உடம்பெல்லாம் அசதி, வெளியே நிற்காத தூறல். கதை முழுக்க மூடுபனியாகவே வந்தது. பம்புசெட் மோட்டார் செய்யும் பட்டறையில் வேலை முடித்து வந்த கையோடு அவர் உட்கார்ந்து படித்தார்.

"ஏனம்மணி, கடைசீல யாரோ சாகப்போறாங்கன்னு நெனச்சே படிச்சேன். யாருமே சாகலையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காகிதங்களை எடுத்து வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தாள். நான் சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவர் அவளிடம் அதே பயணத்தைச் சொன்னார். எடுத்த எடுப்பில் குரங்குதான்.

"உங்க அண்ணி அந்தக் கொரங்குகிட்டப் போயி, 'ஏனுங்க, டப்பாவ மட்டுமாச்சும் குடுத்துருங்க'ன்னு கேட்டா பாத்துக்க."

தங்கை சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மூடுபனியும் அதில் இருந்தது. ஆனால் குரங்கு தப்பித்துப் போவதற்கென்றே இறங்கிய பனி போல இருந்தது.

அன்று மதியமே திரும்ப எழுதினேன். இந்தமுறை வாக்கியங்கள் தாமாகவே துள்ளின. ஒரு பத்தியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவர் வளைவு தாண்டி மறைந்ததும், இந்த மனிதரை எனக்கு இன்னும் சரியாகத் தெரியாதே என்று தனியாக நின்று பயந்த இடம் அது.

அவர் சிரித்துக்கொண்டே படித்துவந்து அங்கே நிறுத்தினார்.

"நெசமாவே பயந்தியா?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னையும் கூட்டிட்டே போயிருப்பனே."

"அப்பச் சொல்லத் தெரியலீங்க."

அந்தப் பத்தியை இன்னொரு தரம் படித்தார். "இது இருக்கட்டும். எடுத்துப்போடாத" என்றார்.

போன வாரம் விருந்தாளிகளிடம் அவர் மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கைத் தேடிப் போன இடம் வந்ததும் அவர் குரல் தணிந்தது. "பாவம், இவ தனியா நின்னுட்டிருந்தா" என்று என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டில் இன்னொரு ஒப்பிட்டுப் போளி வைத்தேன்.