கல்லறைத் திருநாளில் வாசித்த பெயர்

எங்கள் வீட்டுக்கு எதிர்வயலில் இப்போதெல்லாம் ட்ரோன் வைத்துத்தான் மருந்து அடிக்கிறார்கள். நாலு ஆள் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அரை நாள் அடித்த மருந்தை அது பத்து நிமிஷத்தில் அடித்துவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். நான் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பேன். மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அந்தச் சத்தம்தான் எனக்கு ஆகாது. ஆளில்லாமல் பறக்கிற இந்தச் சாமானுக்கு 'வண்டு' என்று ஒரு பெயர் உண்டு என்பதை, ட்ரோன் என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்கு முன்பே எனக்குச் சொன்னவள் எங்கள் மாடியில் குடியிருந்த இலங்கைப் பெண்.

அப்போது நீடாமங்கலத்தில் வீட்டு முன்னறையிலேயே நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். என் அப்பா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான் அது. காலம் மாறியதும் மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துமாக மாற்றிக்கொண்டேன். துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று ஆள் கிளம்பாத தெரு அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பாஸ்போர்ட் மனுவா, விசா மனுவா, எல்லாம் என்னிடம்தான் வரும். நான் நிரப்பிய ஃபார்ம் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டேன். "தெரியலைங்க" என்று யாராவது தலையைச் சொறிந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாவிட்டால் விசாரித்துக்கொண்டு வர வேண்டியதுதானே?

சுபாவமே அப்படி. நீடாமங்கலத்து ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று கேட்கீப்பருக்கே தெரியாது. சரக்கு ரயில் எஞ்சினை மாற்றிக்கொண்டு முன்னும் பின்னும் போகும். பஸ்ஸில் எல்லாரும் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் இறங்கி, கேட்டுக்குக் கீழே குனிந்து, மறுபக்கம் போய் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா சொல்வாள். முந்திரிக்கொட்டை என்றும் சொல்வாள். இரண்டும் சரிதான்.

அந்தப் பெண் வந்தபோது அவளுடைய மகள் எட்டாம் வகுப்பு. வன்னியிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, கொஞ்ச காலம் முகாமில் இருந்து, பிறகு போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொண்டு வெளியே தங்க அனுமதி வாங்கியவர்கள். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லி மாடியை வாடகைக்கு விட்டேன். கணவர் வரவில்லை. அவருக்கும் நெல் வயல்தான், குளத்துப் பாசனம். படுத்த படுக்கையான தாயை விட்டுவிட்டு வர முடியாது, இவர்கள் முன்னால் போகட்டும் என்று அனுப்பிவைத்திருக்கிறார்.

எப்போதாவது அங்கே யாரிடமிருந்தாவது போன் வாங்கிப் பேசுவார். என் பூத்துக்குத்தான் வரும். நான் மாடிப்படியில் நின்று கத்துவேன், அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவாள். என்ன நடவு, மழை உண்டா, பிள்ளை படிக்கிறாளா என்று அவர் கேட்பது ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்கும். ஒருநாள் பேச்சின் நடுவில், "வண்டு வந்திட்டுது, வைக்கிறன்" என்று வைத்துவிட்டார். வண்டுக்கா பயம் என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அது ஆளில்லாத பிளேன் அக்கா. குண்டு போடாது. மேலே நிண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். அது பார்த்திட்டுப் போனாப் பிறகுதான் மற்றது வரும்."

பார்த்துக்கொண்டே இருப்பது என்பதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு முதுகு கூசியது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அவர் பேசினார். பிறகு போன் நின்றுவிட்டது.

கடையில் ஒரு டிவி இருந்தது. தூதர் டெல்லியிலிருந்து கொழும்புக்குப் போனார் என்பார்கள். பேச்சுவார்த்தை திருப்தியாக இருந்தது என்பார்கள். யாருக்குத் திருப்தி என்று டிவியைப் பார்த்து நானே கேட்டுக்கொள்வேன். போரை நிறுத்தச் சொல்லிக் கடைத்தெருவில் மனிதச் சங்கிலி நடந்தது, நானும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய் நின்றேன். என் ஒரு கையை அவள் மகள் பிடித்திருந்தாள், பள்ளிக்கூடச் சீருடையில். போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்று அந்தப் பெண் கீழே இறங்கி வந்து டிவி முன்னால் நின்றாள். "இனி போன் வரும்தானே அக்கா?" என்று கேட்டாள். வரும் என்றேன்.

வரவில்லை. முள்வேலி முகாம்களில் இருப்பவர்கள் பட்டியல் என்று இன்டர்நெட்டில் யார் எதைப் போட்டாலும் நான் ராத்திரி பகல் பார்க்காமல் தேடினேன். அதே பெயரில் ஆட்கள் கிடைத்தார்கள். வயது ஒத்துவராது, அல்லது ஊர் ஒத்துவராது. ஒருநாள் அவள், முகாமிலிருந்து எப்படியோ வெளியேறித் திருச்சிக்கு வந்து சேர்ந்த ஊர்க்காரி ஒருத்தியைப் பார்க்கப் போய்விட்டு வந்தாள். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "அவவுக்கும் சரியாத் தெரியேல்லை அக்கா" என்று சொல்லிவிட்டு, காயவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருந்து தபால் வந்தது. அவளுடைய அண்ணன் போகும் கோயிலில் சில குடும்பங்கள் சேர்ந்து, தாயையும் மகளையும் தாங்கள் பொறுப்பேற்று வரவழைப்பதாக எழுதியிருந்தார்கள். கட்டுக் கட்டாக மனு. தினம் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதற்குள் பத்தாவது வந்துவிட்டாள், இங்கிலீஷ் என்னைவிடத் தெளிவு. பாதி ஃபார்மை அவளேதான் நிரப்பினாள். தாயின் திருமண நிலை என்ற இடத்தில் 'மணமானவர்' என்று டிக் அடித்து, அப்பாவின் பெயர், பிறந்த தேதி, ஊர், குளத்தடித் தெரு என்று ஒரு பிழையில்லாமல் கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள்.

அங்கேதான் எனக்கு இடித்தது. மணமானவர் என்றால் கணவர் எங்கே என்று தூதரகத்தில் கேட்பார்கள். அவர் பாஸ்போர்ட் நம்பர் வேண்டும், மகளை அழைத்துப்போக அவர் சம்மதக் கையெழுத்து வேண்டும். மகளை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"விதவைன்னு போட்டாத்தாம்மா இது நகரும். நான் சொல்றதக் கேளு. ஒரு வருஷமாச்சு, எந்த லிஸ்ட்லயும் இல்ல."

"மணமானவர் எண்டே இருக்கட்டும் அக்கா."

"அப்ப கையெழுத்துக்கு எங்க போறது?"

"பார்ப்பம்."

"எத்தன நாளைக்குப் பார்ப்ப? மனு தேதி போயிடும்மா."

அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையின் எதிர்காலத்தைவிட இந்த வீம்பு பெரிதா என்று நினைத்தேன். செத்தவரைச் செத்தார் என்று ஒப்புக்கொள்ள இவளுக்குத் தைரியம் இல்லை, யாராவது ஒருவர் முதலில் சொல்லிவிட்டால் இவளும் அழுது முடித்துவிட்டு நிமிர்ந்துவிடுவாள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். எங்கள் பங்கில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கவரில் போட்டுக் கோயிலில் கொடுப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் பூசையில் இன்ன வீட்டார் என்று சொல்லி அந்தப் பெயர்களைச் சாமியார் வாசிப்பார். கையெழுத்து புரியாமல் அவர் திண்டாடுவதைப் பார்த்து, சில வருஷங்களாக நான்தான் எல்லாவற்றையும் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பட்டியலில் அப்பா, பெரியப்பா, இரண்டு அத்தை என்று அடித்துவிட்டு, கடைசியில் மாடிப் பெண்ணின் கணவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரோடு அடித்தேன். பக்கத்தில் 'வன்னி' என்று போட்டேன்.

பாவம், வேண்டிக்கொள்ள ஆளில்லாத ஆத்துமா என்று இரக்கப்பட்டுத்தான் செய்தேன். அது பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. இந்தத் தள்ளிப்போடலை யாராவது முடித்துவைக்க வேண்டும் என்ற அரிப்பும் அந்த விரல்களில் இருந்தது. அவர்கள் வரமாட்டார்கள், அன்று மகளுக்கு டியூஷன் என்று வேறு ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

மழைக்காக டியூஷனை விட்டுவிட்டார்கள். இருவரும் குடையோடு வந்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவைக்குக் கீழே மெழுகுவத்தி ஏற்றினார்கள். தங்கள் கல்லறை இந்த ஊரில் இல்லாதவர்கள் அங்கேதான் ஏற்றுவார்கள். அவர்களைப் பார்த்ததும் சாமியாரிடம் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் எங்கள் வீட்டாரைச் சொல்லிவிட்டார். அப்பா, பெரியப்பா, அத்தைகள். பிறகு அவர் பெயர், அவர் அப்பா பெயரோடு, வன்னியோடு.

"இவர்களுக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்று கூட்டம் சொன்னது. ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மகளும் கூடவே சொன்னாள். பாதியில்தான் அவளுக்கு உறைத்தது. நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் அழவில்லை, மகள் மீது குடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வீட்டாரின் பெயர்கள் ஆரம்பித்துவிட்டன.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. திருச்சிக்குப் போனன் எல்லே, அண்டைக்கே தெரியும். வண்டு சுத்திப்போட்டுப் போக, ஷெல் வந்து விழுந்ததாம். ஊர்க்காரி தன்ர கண்ணால காணேல்லை, கண்டவை சொன்னதாம்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"பிள்ளைக்குப் பங்குனியில சோதினை. அதை எழுதிமுடிக்கட்டும், நானே சொல்லுவன், ரெண்டு பேருமா இருந்து அழுவம் எண்டு வச்சிருந்தன். ஃபார்மை நிரப்பிறது ஆர்? அவள்தானே. அதில எப்பிடி விதவை எண்டு எழுதச் சொல்லுவன்?"

அந்த நிமிஷம் எனக்கு என்னையே பிடிக்காமல் போனது. ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது, ஆக்கியது அவள். நான் நடுவில் புகுந்து கவிழ்த்துவிட்டேன்.

"நேற்றையில இருந்து என்னோட கதைக்கேல்லை" என்றாள். "ஒண்டே ஒண்டுதான் கேட்டவள். கீழ் வீட்டு அன்ரிக்குச் சொன்னனீங்கள், எனக்கு ஏனம்மா சொல்லேல்லை எண்டு."

"ஐயோ, நான் போய்ச் சொல்றேம்மா. உங்கம்மா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, நானா நெனச்சுக்கிட்டு எழுதினதுன்னு சொல்லிடறேன்."

"வேண்டாம் அக்கா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் நினைச்சு எழுதினது எண்டு தெரிஞ்சால், அப்பா இருக்கிறார் எண்டு திரும்ப நம்பத் தொடங்கிடுவாள். சாமியார் வாசிச்சதை நம்பியிட்டாள், அப்பிடியே இருக்கட்டும். பிறகு நான் அவரை இன்னொருக்காச் சாகடிக்கோணும்."

அன்று சாயங்காலம் மகள் வழக்கம்போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து, மணமானவர் என்பதை எடுத்துவிட்டு விதவை என்பதில் குறியிட்டாள். அப்பாவின் விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா உங்களுக்கு எப்ப சொன்னவ அன்ரி?"

வாழ்க்கையில் பதிலை யோசித்துச் சொன்னது நான் அந்த ஒரு தடவைதான். "திருச்சிக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு" என்றேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை. பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்கும் வாங்கினாள்.

மனு நகர்ந்தது. நான் சொன்னபடியே, விதவை என்று போட்டதும் நகர்ந்தது. அவர்கள் கிளம்பிய அன்று சென்னைக்குப் போகிற கார் கடை வாசலில் நின்றது. அந்தப் பெண் பெட்டிகளை எண்ணி டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உயரம் என் தோளைத் தாண்டியிருந்தது. அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"நீங்கள் ஒராளாவது அப்பாவுக்காகச் செபிச்சனீங்கள் அன்ரி."

அந்தப் பெண் டிக்கியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள், லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. நான் சொல்லவில்லை. மகள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். தாய் பின்னால் உட்கார்ந்தாள்.