உயிரோடு இருந்தவருக்கு நான் வைத்த பொட்டு

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மலேசியாவில், ஜாசின் ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னப் படக்கடை இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படத்துக்குச் சட்டம் என்று எல்லாம் செய்வேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கடையை ஓட்டுவது செத்தவர்களின் படம்தான். ஒரு வீட்டில் யாராவது தவறிவிட்டால், மறுநாளே ஏதாவது ஒரு குடும்பப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அதில் மனிதர் கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். நான் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, அப்பளத்தை அழித்து, பின்னால் நீலநிறம் போட்டு, கோட்டு மாட்டிக் கம்பீரமாக உட்கார வைத்துவிடுவேன். இருபது வருஷத்துக்கு மேல் பழகிய கை. அந்தக் கைமேல் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் சித்திரைத் திருவிழா வந்தது. தோட்டம் என்று பேருக்குத்தான் சொல்கிறேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இப்போது சுற்றிலும் எண்ணெய்க்காகப் போட்ட செம்பனை. கோயில் மட்டும் மிச்சம். அந்த வருஷம் கோயில் கமிட்டிக்கு வெளிநாட்டிலிருந்து நாற்பது பழைய படங்கள் இமெயிலில் வந்தன. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை எடுத்தவை. அவர் காலமான பிறகு அவருடைய மகள் வீட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு பெட்டியில் கிடைத்தனவாம்.

படங்களைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. விடியாத நேரத்தில் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நிற்கிற சனங்கள். தோளில் வைத்த காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளியைத் தொங்கவிட்டு நடக்கிற பெண்கள். பால் நிறுக்கிற இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் கணக்கெழுதும் கிராணி. லயத்துக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்தி, மாட்டுக் கொட்டகை, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருக்கும் ஒரு பெண். நம் ஆட்களுடைய வாழ்க்கையை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருவிழா அன்று கோயில் மண்டபத்தில் கண்காட்சி வைக்கலாம் என்றார்கள். பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். யார் எவர் என்று அடையாளம் சொல்லக் கமிட்டிச் செயலாளர் கடைக்கு வந்தார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். ஒரு படத்தில் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "பாவம்மா, லோரி ஏக்சிடண்ட்ல போய்ச் சேர்ந்துட்டான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

நான் வேறு யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. காலமானவர்கள் என்று அவர் சொன்ன ஏழு பேரைத் தோள்வரை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டேன். அவர்கள் இருந்த முழுப் படங்களை விட்டுவிட்டு, மற்றவற்றைச் சுவரில் மாட்டினேன். திருவிழா அன்று காலையில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு ஏழையும் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, முன்னால் ஓர் அகல் விளக்கு ஏற்றினேன். கண்ணை மூடிக் கும்பிடவும் செய்தேன்.

பத்து மணி இருக்கும். லூபோக் சீனா என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வெள்ளை வேட்டியில் மெலிந்த ஒரு பெரியவர், அவர் மனைவி, நாற்பது வயது மதிக்கத்தக்க மகள். பெரியவர் ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டே வந்தார். மேசைக்கு வந்தவர் அந்தப் பையன் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பிடித்தமான ஆள் போலிருக்கிறது என்று நினைத்து நான் பெருமையாகப் பக்கத்தில் போனேன்.

"தெரிஞ்சவங்களா மாமா?"

அவர் படத்துக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தார். அவர் மனைவி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதே நெற்றி, அதே காது. பிறகு அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஐயோ, உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு வெளக்கு வச்சிருக்கீங்களே! வர்ற வியாழக்கெழமை இவருக்கு ஹார்ட் ஓப்பரேஷன்! சாமி கும்பிடத்தானே கூட்டிட்டு வந்தேன்!"

லாரி விபத்தில் செத்தது அவருடைய அண்ணன். இரண்டு பேரும் ஒரே அச்சாம். முதலில் மாலையை எடுத்துவிடலாம் என்று பதறிப்போய் இழுத்தேன். நூல் அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது. கூட்டத்தில் யாரோ நாக்கால் "ச்சு" கொட்டினார்கள். அடுத்து விளக்கு. அணைக்கக் கையைக் கொண்டுபோனேன், ஆனால் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஓப்பரேஷனுக்குப் போகிற மனிதர் கண் முன்னால் அவர் படத்து விளக்கை அணைப்பதா? அணைக்காமல் விட்டால், உயிரோடு இருப்பவர் படத்துக்கு முன்னால் அது எரிந்துகொண்டிருக்குமே. எது பெரிய பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. கடைசியில் பூசாரி ஓடிவந்து, விளக்கை அணையாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய் அம்மன் முன்னால் வைத்தார்.

பெரியவர் சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார். முகம் முழுக்க வியர்வை. மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். அவர் மனைவி மட்டும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர், "செத்துட்டாருன்னு சொன்னா ஆயுசு கெட்டின்னுதானே சொல்லுவாங்க, விடு" என்றார். அதையேதான் நானும் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஆனால் வாயால் சொல்வது வேறு, மாலை போட்டு விளக்கு ஏற்றுவது வேறு இல்லையா?

மறுநாள் அந்தப் பெரியவரின் மகள் போன் செய்தாள். கமிட்டியில் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, அப்பா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. அம்மா ஓப்பரேஷனே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அம்மனே தடுக்குறாங்களாம். டாக்டர் இனிமே தள்ளிப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ரெண்டு ரத்தக் குழாய் அடைச்சிருக்கு லா அக்கா. அப்பா வேற, அந்தப் படம் எங்க, அந்தப் படம் எங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருக்காரு. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

அவள் கோபப்படவே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. இந்த மனிதர் ஓப்பரேஷனுக்குப் போகாமல் செத்தால் காரணம் நான். போய்ச் செத்தாலும், அந்த அம்மாவின் கண்ணுக்குக் காரணம் நான்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்குத் தப்பிக்க வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு என் கணவரோடு லூபோக் சீனாவுக்குக் கிளம்பினேன். பொட்டைத் துடைத்து, கண்ணாடியைக் கழுவி, படத்தை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். படத்தைக் கேட்கிறாரே, எரிக்கவா, உடைக்கவா, என் தலையில் போடவா என்று வழி நெடுக யோசனை. அவர்கள் வீட்டு முன்னால் வண்டி நின்றதும் எனக்கு இறங்கவே மனம் வரவில்லை. "திரும்பிப் போயிடலாம்ங்க" என்றேன். அவர் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து விட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய்விட்டார். பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் காலில் விழப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டு, படத்தை வாங்கித் துணியைப் பிரித்தார். எரிக்கவில்லை, உடைக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இந்தத் தோள்ல ஒரு கை இருக்கே, இந்தக் கைக்காரங்க எங்க போனாங்க?"

அப்போதுதான் நானே கவனித்தேன். பையனின் தோளில் நாலு விரலும், துணி சுற்றிய ஒரு கட்டைவிரலும் தெரிந்தன. பக்கத்தில் நின்ற ஆள் யாரென்று செயலாளருக்குத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது ஒரு முகம்தான், அதனால் அவரை வழக்கம்போல் வெட்டித் தள்ளியிருந்தேன். முழுப் படம் என் போனில் இருந்தது. அதைத் தேடியெடுத்து அவரிடம் நீட்டினேன்.

தலையில் முண்டாசு கட்டிய ஒரு பெண். முகத்தில் பாதி நிழல். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத மாதிரி துரையின் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஐயோ, இங்கேயே ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று நான் மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"எங்கம்மா" என்றார் அவர்.

அவருக்கு ஒன்பது வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாராம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் யாரிடம் கேமரா இருந்தது? அம்மாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. வருஷா வருஷம் திதிக்கு ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து, அதற்குப் பொட்டு வைத்துத்தான் கும்பிட்டு வந்திருக்கிறார்கள். பால் வெட்டும் கத்தி பட்டுப் பட்டு அம்மாவின் கட்டைவிரலில் எப்போதும் துணி சுற்றியிருக்குமாம். கோயிலில் மாலையைப் பார்த்து அவருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது. அதை மறைக்காமல் சொன்னார். ஆனால் அதைவிட அந்த விரல்தான் இரண்டு நாளாக அவரைத் தூங்கவிடவில்லையாம்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா. ஒன் மாமியாவப் பாரு. மாலை இவங்களுக்கு வந்ததுடி. நான் பக்கத்துல நின்னதுனால எம்மேல விழுந்துருச்சு. அம்புட்டுதான். நான் வியாழக்கெழமை போறேன்."

அந்த அம்மா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் காட்டிய முகம் மட்டும் மாறவில்லை. "மொதல்ல இவரு நல்லபடியா திரும்பி வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சமாதானமாகி அழுது கட்டிப்பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

வியாழக்கிழமை கடையைத் திறந்தேனே தவிர வேலை ஓடவில்லை. பதினொரு மணிக்கு ஒரு சீனர் தன் அப்பாவின் படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று வந்தார். மறுநாள் சவ அடக்கம். படத்தைக் கையில் வாங்கிய வேகத்தில் திருப்பிக் கொடுத்தேன். தெரிந்த வேறு கடைக்கு அவரை அனுப்பிவிட்டேன். காலையில் எட்டு மணிக்கே கோலாலம்பூரில் பெரியவரை ஓப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டதாக மகள் மெசேஜ் போட்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று. நான் வேண்டாத தெய்வம் இல்லை. கடைச் சுவரில் மாதிரிக்காக மாட்டியிருந்த படங்களை எல்லாம் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

நாலரை மணிக்குப் போன் அடித்தது. மகளின் நம்பர். எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பேசியது மகள் இல்லை, அந்த அம்மா.

"கண்ணத் தொறந்துட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். நானும் அழுதேன். பிறகு கேட்டார், "நீ காலையிலேர்ந்து சாப்ட்டியா இல்லியா?"

பெரியவர் இப்போது நன்றாக இருக்கிறார். அவருடைய அம்மாவின் படத்தை நான்தான் சட்டம் போட்டுக் கொடுத்தேன். மகனை வெட்டாமல், முழுப் படமாக. கடைக்கு யார் வந்தாலும் இறந்தவர் இவர்தானா என்று மூன்று தடவை கேட்கிறேன். வருகிறவர்கள் என்னைக் கிறுக்கச்சி மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் எதற்குப் பயப்படுகிறாய் என்று என் கணவர் கேட்பார். நல்லபடியாக முடித்துக் கொடுத்தது அந்த மனிதரின் மனசும் டாக்டரின் கையும்தான், நான் இல்லை. அந்த வியாழக்கிழமை அவர் கண்ணைத் திறக்காமல் போயிருந்தால், யாரோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவருக்குப் பொட்டு வைத்த இந்தக் கையை நான் எங்கே கொண்டுபோய் வைத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குலை நடுங்குகிறது.