என்.ஜி. ஆன டேக்குல என் நைனா

ஸ்பிரிட் கம் வாசனை தெரியுமா உங்களுக்கு? ஒட்டு மீசைக்குப் போடுற பசை. மூக்குல சுர்ருன்னு ஏறும். அதோட குதிரைக்கு வேகவச்ச கொள்ளு வாசனையும் கலந்தா... அதுதான் எனக்கு நைனா.

அறுபதுகள்ல செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நைனா ஜட்கா ஓட்டினார். மெட்ராஸ்லேர்ந்து ஒரு சினிமா கம்பெனி கோட்டையில ராஜா படம் எடுக்க வந்தது. குதிரை வேணும்னு எங்க வண்டிக் குதிரை ராணியைக் கேட்டாங்க. ராணி போனா நைனா போகணும், நைனா போனா நானும் போகணும். அம்மா இல்லாத பொண்ணை யாருகிட்ட விட்டுட்டுப் போவார்?

அங்க இளவரசனா நடிக்க வந்த பையனுக்கு ஜுரம். டைரக்டர் சுத்திமுத்திப் பார்த்தார். கோட்டைக்குள்ள இருக்கிற கல்யாண மஹால் படியில உக்காந்து நுங்கு தின்னுட்டிருந்த என்னைக் காமிச்சு, "இந்தப் பொண்ணுக்குத் தலைப்பாகை கட்டுங்க"ன்னுட்டார்.

அவ்வளவுதான், நான் இளவரசன். மொத்தக் கோட்டையும் எங்க வீட்டு சொத்து மாதிரி ஒரு நடை வேற!

சிப்பாய்க்கு ஆள் பத்தலை. நைனாவுக்கும் மீசையை ஒட்டி, கையில ஈட்டியைக் குடுத்து நிக்க வச்சுட்டாங்க. எதிரிப் படை இளவரசனை இழுத்துட்டுப் போற சீன். நான் அழணும். நைனா அந்த எதிரிப் படையில ஆடாம நிக்கணும், அதுதான் அவர் வேலை.

ஆக்‌ஷன்னாங்க. முரட்டு ஆளுங்க ரெண்டு பேர் என் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. "விடுங்கடா"ன்னு கத்தி அழுதேன். வரிசையிலேர்ந்து ஒரு சிப்பாய் ஈட்டியோட முன்னால வந்துட்டார்.

"கட்! யாருய்யா அது? எதுக்கு நகர்ந்தே?"

"தெரியலீங்க... கால் தானா வந்துடுச்சி"ன்னார் நைனா.

மறுபடி எடுத்தாங்க. மறுபடியும் வந்தார். டைரக்டர் தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சார். "யோவ், இது நடிப்புய்யா!"

"தெரியுதுங்க. ஆனா கொளந்த அளுவுதுங்களே..."

யூனிட்டே சிரிச்சது. எனக்கு மானம் போச்சு. "கம்முனு நில்லு நைனா, எனக்குக் கை வலிக்குது"ன்னு நானே போய்ச் சொன்னேன். "இந்த வாட்டி பாரேன், இன்னா ஆனாலும் அசைய மாட்டேன்"ன்னார்.

அசைஞ்சார்.

கடைசியில அவரைப் பின்வரிசைக்குத் தள்ளி, கேமராவுக்கு முதுகு காட்டி ராணியோட லகானைப் பிடிச்சுக்கோன்னுட்டாங்க. என் பக்கம் திரும்பவே கூடாதுன்னு ஆர்டர்.

படம் எங்க ஊர் டென்ட் கொட்டாய்க்கு வந்தது. ராணி மூஞ்சி நல்லா தெரிஞ்சது, நைனாவோட முதுகு தெரிஞ்சது. கூட்டம் ராணிக்குத்தான் விசிலடிச்சது. ஆனா நைனாவுக்கு அதுவே தலைகால் புரியலை. "முதுகு இன்னா கம்பீரமா இருக்குது பாத்தியா?"ன்னு ஜட்காவுல ஏறினவங்களை எல்லாம் கேட்டுட்டிருந்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துட்டு மெட்ராஸ்ல கூப்பிட்டாங்க. சித்தி வீட்ல தங்கி நடிச்சேன். பையன் வேஷம்னா நான்தான். கொஞ்சம் உயரமானதும் யாரும் கூப்பிடலை. அதுக்குள்ள நைனாவும் போயிட்டார். நெஞ்சு வலி. நான் பஸ் பிடிச்சு செஞ்சிக்கு வந்து சேர்றதுக்குள்ள... விடுங்க.

அப்புறம் டிவி வந்தது. அசிஸ்டென்டா சேர்ந்து, டைரக்டராகி, சொந்தக் கம்பெனி வச்சு சீரியல் எடுத்தேன். எடிட்டிங் ரூம்ல உக்கார ஆரம்பிச்சப்பதான் எனக்கு ஒண்ணு உறைச்சது.

கெட்டுப்போன டேக்குக்கு எங்க தொழில்ல என்.ஜி.ன்னு பேரு. யாரும் வச்சுக்க மாட்டோம். சினிமா ஃபிலிம்னா குப்பைக் கூடை. டிவி டேப்னா அது மேலயே அடுத்த சீனை ரெக்கார்ட் பண்ணிடுவோம்.

அப்படின்னா நைனா என்னைப் பார்த்து ஓடி வந்த டேக் எல்லாம்? அதுல அவர் முகம் நேரா இருந்திருக்குமே!

வீட்ல ஒரே ஒரு போட்டோ இருக்கு. ஸ்டூடியோ நாற்காலியில விறைப்பா உக்காந்திருப்பார், யாரோ மாதிரி. நடக்கிற நைனா, பதறுற நைனா, எனக்காக ஈட்டியைத் தூக்கிட்டு வர்ற நைனா... எல்லாம் கூடையில போச்சு. நான் விசாரிக்காத இடமில்லை. அந்தக் கம்பெனியும் இல்லை, ஃபிலிமைக் கழுவின லேபும் இல்லை.

எத்தனையோ சீரியல்ல எத்தனையோ அப்பா வேஷம். "பொண்ணு அழுதா அப்பா ஓடி வரணும் சார், அவ்வளவுதான்"னு பெரிய ஆர்ட்டிஸ்டுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். நல்லாத்தான் பண்ணுவாங்க. எனக்குத்தான் மனசு நிறையாது. இன்னொரு டேக் போகலாம்பேன்.

இப்பல்லாம் குழந்தை ஆர்ட்டிஸ்டோட அப்பாங்க மானிட்டர் பக்கத்துலயே நிக்கறாங்க. பொண்ணு அழுதா போன்ல படம் பிடிக்கறாங்க. "இன்னும் கொஞ்சம் அழுடா செல்லம்"னு சைகை காட்டறாங்க. தப்புன்னு சொல்லலை. அந்தப் பிள்ளைங்க பெரிசானா பார்க்கிறதுக்கு அப்பா எடுத்த வீடியோ இருக்கும். ஆனா அதுல அப்பா இருக்க மாட்டாரே...

போன வருஷம் ஒரு ஷூட்டிங்குக்கு செஞ்சிக்கே போனேன். அதே கல்யாண மஹால். ஒரு குட்டிப் பொண்ணை இழுத்துட்டுப் போற சீன், சுத்தி நிறைய கூட்டம். ஆக்‌ஷன் சொல்லிட்டு, அந்தப் பொண்ணைப் பார்க்காம பின்வரிசையையே பார்த்துட்டிருந்தேன்.

எல்லாரும் நிக்கச் சொன்ன இடத்துலயே நின்னாங்க.

"டேக் ஓகேவா மேடம்?"ன்னு அசிஸ்டென்ட் கேட்டான்.

"ஓகேதான்ப்பா"ன்னேன். யாருமே முன்னால வரலை.