செவலைக்குக் காட்டிய கன்றுத் தலை

ஈரத் தோலில் கல் உப்பைத் தேய்த்தால் ஒரு சத்தம் வரும்... மணலில் செருப்பு உரசுவது மாதிரி. கூடவே ஒரு வாடை, ரத்தமும் பாலும் கலந்த வாடை. செத்த அன்று விடியற்காலை வரைக்கும் அந்தக் கன்று பால் குடித்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நோணாங்குப்பம் போட் ஹவுஸில் தினக்கூலி வேலை. முதலியார்பேட்டையில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய கைக்குழந்தை, நான்... எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அண்ணன் ஒரு மாடு வாங்கிக் கட்டியிருந்தார். செவலை நிறம், அதனால் பெயரும் செவலைதான். தெருவில் பாதி வீட்டுக்கு எங்கள் பால்.

பிறகு அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. கோரிமேட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் டாக்டர் அண்ணியையும் என்னையும் மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, சில மாதங்கள்தான் என்றார்.

உள்ளே போய் அண்ணனிடம், சீக்கிரம் சரியாகிவிடுமாம் என்று சொன்னோம். முதலில் சொன்னது யார் என்று ஞாபகமில்லை. நானாகத்தான் இருக்கும்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுதான் செவலை கன்று போட்டது. பார்க்காத கன்றைப் பற்றியே தினமும் கேட்பார். என்ன நிறம், நெற்றியில் சுழி இருக்கிறதா, துள்ளுகிறதா...

பதினோராம் நாள் கழிச்சல் வந்து கன்று செத்தது.

செவலை பாலை ஏத்திக்கொண்டது, சுரக்க விடவில்லை. மடியில் அண்ணி கை வைத்தாலே உதைத்தது. அப்படியே விட்டால் மடி வீங்கிச் சீழ் பிடித்துவிடும், பாலும் வற்றிவிடும். வீடு ஓடியதே அந்தப் பாலில்தான்.

தெருமுனைக் கறிக்கடை பாய்தான் வழி சொன்னார். முழுத் தோல் வேண்டாம், தலைத் தோலை மட்டும் உரித்துப் பதப்படுத்தி வைக்கோல் அடைத்துக் காட்டுங்கள், மாடு முகத்தைத்தான் மோந்து பார்க்கும் என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம். அவரால் வர முடியவில்லை. செய்முறை சொல்லி, சின்னக் கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கல் உப்பும் படிகாரமும் வாங்கி வந்தேன்.

வீட்டுப் பின்பக்கம் கோணி விரித்து உட்கார்ந்தோம். தொண்டையிலிருந்து கீழுதடு வரை ஒரே கீறல். அங்கிருந்து இரண்டு பக்கமும் தோலை விலக்கிக்கொண்டே போக வேண்டும். கன்னம் சுலபமாக வந்தது. காதின் அடியில் குருத்தெலும்பை அறுத்து, காதையே சட்டைக்கை மாதிரி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டியிருந்தது. கண்ணுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. இமைக்குள் விரலை விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எலும்பை ஒட்டி அறுக்க வேண்டும். விரலை விட்டேன்... உள்ளே இன்னும் லேசான சூடு இருந்தது.

அண்ணி கத்தியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க காதப் புடிங்க தம்பி. நா பாத்துக்கறேன்."

அதன்பிறகு உதடு, மூக்கு எல்லாம் அவரே முடித்தார். ஒட்டியிருந்த சதையைச் சுரண்டி, படிகாரப் பொடியும் உப்பும் தேய்த்து, நிழலில் போட்டோம். மூன்று நாள் தினமும் மறுபடி தேய்த்தோம். விறைக்காமல் இருக்கக் கையால் கசக்கிக்கொண்டே இருந்தோம். நான்காம் நாள் வைக்கோல் அடைத்து, கண் இருந்த ஓட்டைகளைக் கோணி ஊசியால் அண்ணி தைத்தார்.

செவலை முன்னால் கட்டினோம். வெகுநேரம் மோந்தது. ஓரடி பின்னால் போனது. பிறகு நெற்றியை நக்க ஆரம்பித்தது... பால் சுரந்தது. அண்ணி தலையை நிமிர்த்தாமல் கறந்து முடித்தார்.

அன்று சாயங்காலமும் ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்டார். துள்ளுகிறது, கட்டினால் நிற்கமாட்டேன் என்கிறது என்று அண்ணி சொன்னார். அடுத்த இரண்டு மாதம் இதையேதான் விதவிதமாகச் சொன்னோம்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே நேராகக் கொட்டகைக்குப் போனார். அண்ணி முந்திக்கொண்டு ஓடியும் அவிழ்த்து மறைக்க நேரமில்லை. தலை கம்பத்தில்தான் தொங்கியது. செவலை நக்கி நக்கி நெற்றியில் முடி கொட்டியிருந்தது, மூக்கு வழியாக வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வைக்கோலைத்தான் செவலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் பார்த்தபடியே நின்றார்.

"எப்ப செத்துச்சி?"

அண்ணி சொன்னார்.

"தெனமும் துள்ளுதுன்ன..."

மூக்கில் நீட்டியிருந்த வைக்கோலை அண்ணி உள்ளே தள்ளினார்.

"என்னப் பத்தி டாக்டர் இன்னா சொன்னாரு? அதையும் சொல்லிடு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணிதான் சொன்னார். டாக்டர் சொன்னதைச் சொன்ன மாதிரியே, ஒன்றையும் குறைக்காமல். அண்ணன் அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்தார். அழவில்லை. அந்தத் தலையை அவிழ்த்து எங்கேயாவது புதைக்கச் சொன்னார். புதைத்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த அக்காவை வரவழைத்துப் பேசினார். குழந்தையை மடியில் வைத்தபடியே இருந்தார். நாங்கள் மறைத்ததைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா, நடக்க முடியறப்பவே எல்லார் வீட்டுக்கும் போய்ட்டு வந்துருப்பேன்டா."

இப்போது அந்தத் தெருவில் மாடே இல்லை. காலையில் கேட்டுக்குக் கேட் பால் பாக்கெட் பை தொங்குகிறது. டாக்டர் யாரையும் வராந்தாவுக்குக் கூப்பிடுவதில்லை, ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது.

போன மாதம் அண்ணியின் ஸ்கேன் ரிப்போர்ட் அப்படித்தான், அன்று கைக்குழந்தையாக இருந்த அவர் மகனுடைய போனுக்கு வந்தது. அவன் அதை எனக்கு அனுப்பிவிட்டு, நோய் முற்றிவிட்டதாம், அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் சித்தப்பா என்றான். சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் பிடித்துப் போனேன். அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நின்றது. அவ்வளவுதான்.

"அவருக்கு நாம இப்படிச் சொல்லலியே தம்பி" என்றார்.

பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்.